மார்கஸ் விளையாடமாட்டான்

உங்களில் மூன்று பேர் இந்தக் கோடையில் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். இரண்டு தம்பிமார், ஒரு தங்கச்சி. சங்கத்து மலருக்கு உங்களை நினைத்து ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். எனக்கு வயது முப்பத்திநாலு. வேறு தொழிலில் இது ஆள் நிலைகொள்ளத் தொடங்குகிற வயது. கூடைப்பந்தாட்டத்தில் பென்ஷன்காரனின் வயது. அந்த உரிமையில் எழுதுகிறேன். தமிழில் வாசிக்கக் கஷ்டம் என்றால் அம்மாவிடம் கொடுத்து வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். இது வீட்டிலிருக்கிறவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான்.

பந்தை எப்படிப் பிடிப்பது, முழங்காலை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதெல்லாம் உங்கள் பயிற்சியாளர்கள் சொல்லித் தருவார்கள். ஒரு வியாழக்கிழமை பின்னேரம் நான் சொன்ன இரண்டே சொற்களைப் பற்றி மட்டும் எழுதப்போகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். எட்டு வயதில் வன்னியிலிருந்து பின்லாந்துக்குப் போனவன். அப்பா மூன்றாம் வகுப்போடு நிறுத்தியவர், அம்மா பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பைத் தொடங்கி முடித்த முதல் ஆள் நான்தான். அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவதற்காகவே தமிழ் எழுத்தை விடாமல் வைத்திருந்தேன். தமிழர்களுக்குள் நான் உயரம், கூடைப்பந்துக்குள் குள்ளன். ஆகவே பந்தை நகர்த்தி மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இடத்தில் விளையாடினேன். பின்லாந்தில் ஒன்பது வருடம் சம்பளத்துக்கு ஆடினேன். தேசிய அணி முகாமுக்கு இரண்டு தடவை கூப்பிட்டார்கள், இரண்டு தடவையும் கடைசி நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். இருபத்தொன்பது வயதில் இலண்டனில் ஒரு கழகம் ஒரு வருட ஒப்பந்தம் தந்தது. நன்றாக ஆடினால் இன்னும் இரண்டு வருடம். என் வயதில் அந்த இரண்டு வருடம்தான் முழு வாழ்க்கையும்.

பின்லாந்துக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் ஆறு மணித்தியாலம் பக்கத்தில் இருந்து வருவார்கள். ஏறும்போது ஒரு சொல், இறங்கும்போது ஒரு சொல். கடைக்காரனோ பக்கத்து வீட்டுக்காரனோ ஒருநாளும் என்னிடம், "சனிக்கிழமை யார் ஆடுவார்? யாருக்குக் காயம்?" என்று கேட்டதில்லை. ஒன்பது வருடமாக நான் அணியின் இரகசியத்தைக் காப்பாற்றிய ஒழுக்கமானவன் என்று என்னைப் பற்றி நினைத்திருந்தேன். உண்மையில் ஒருவரும் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

இலண்டனில் நான் குட்மேய்ஸில் பரமண்ணை வீட்டு மேலறையில் இருந்தேன். பரமண்ணை எங்களோடு ரஷ்யா வழியாக வந்தவர். அப்போது இருபத்திமூன்று வயது இளந்தாரி. பின்லாந்து எல்லைக்கு நடந்தபோது எனக்குக் காய்ச்சல். அப்பா தங்கச்சியைத் தூக்கினார், பரமண்ணை என்னைத் தோளில் காவினார். பிறகு அவர் ஜெர்மனிக்குப் போய், அங்கிருந்து இலண்டனுக்கு வந்து, மரக்கறிக்கடை போட்டிருந்தார். நான் வருகிறேன் என்றதும் வேறு இடத்தில் அறை தேடவே விடவில்லை.

சீசன் தொடங்க முன் லீக்கிலிருந்து வந்து எங்களுக்கு ஒரு மணித்தியாலம் வகுப்பு எடுத்தார்கள். அணிக்குள் நடப்பது எதுவும் வெளியே போகக்கூடாது, யார் கேட்டாலும் சொல்லக்கூடாது, சொன்னால் தடை என்று விளக்கினார்கள். திரையில் ஒரு படம் காட்டினார்கள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன், இருட்டான கார் நிறுத்துமிடத்தில் ஆட்டக்காரனுக்கு ஒரு உறை நீட்டுகிறான். நானும் தலையாட்டிக் கையெழுத்து வைத்தேன். அப்படியான ஒருவன் வந்தால் ஓடிவிடுவேன் என்றுதான் நினைத்தேன்.

அந்த வியாழக்கிழமை பயிற்சியில் மார்கஸ் விழுந்தான். எங்கள் அணியில் அதிகம் புள்ளி எடுக்கும் அமெரிக்கன் அவன்தான். தொடைத்தசை பிடித்துவிட்டது. சனிக்கிழமை ஆடமாட்டான் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. பயிற்சியாளர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "சனிக்கிழமை ஆட்டம் தொடங்கும்வரை இது இந்த அறைக்குள்." எதிரணி அவனைத் தடுக்கத்தான் தயாராகும், தயாராகட்டும் என்பது அவர் கணக்கு.

வீட்டுக்குப் போனேன். கறுப்புக் கண்ணாடிக்காரன் யாரும் அங்கே இல்லை. பிட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் இருந்தன. பரமண்ணையின் மனைவி மஞ்சு அக்கா பரிமாறினா. பரமண்ணை கை கழுவிக்கொண்டு வந்து இருந்தார்.

"என்னடா தம்பி, மூஞ்சை ஒரு மாதிரிக் கிடக்கு? சனிக்கிழமை வெல்லுவியளோ?"

"கஷ்டம் அண்ணை. மார்கஸ் விளையாடமாட்டான்."

"ஐயோ, அந்த உயர்ந்த பொடியனோ? என்னவாம் அவனுக்கு?"

"தொடை பிடிச்சிட்டுது."

"அவருக்கும் போன மாசம் பிடிச்சது," என்றா மஞ்சு அக்கா. "ஒரு வெங்காய மூட்டை தூக்கினதுக்கு மூண்டு நாள் படுக்கை." சிரித்தோம். வேறு கதைக்குப் போய்விட்டோம்.

நான் பிழை செய்கிறேன் என்று அந்த மேசையில் ஒரு கணமும் தோன்றவில்லை. ஒரு வீட்டில் சாப்பிடுகிறவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் எங்களுக்குக் குற்றம். அதனால்தான் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

சனிக்கிழமை பத்தொன்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம்.

புதன்கிழமை பயிற்சி முடிந்ததும் கழக மேலாளர் எல்லோரையும் இருக்கச் சொன்னார். முகம் வெளிறியிருந்தது. வெள்ளிக்கிழமையே எங்களுக்கு எதிராக வழக்கத்துக்கு மாறாகப் பந்தயம் கட்டியிருக்கிறார்கள், கட்டியவர்களில் அநேகமானோர் கிழக்கு இலண்டன் ஆட்கள், மார்கஸின் காயம் யாரோ ஒருவர் வழியாக வெளியே போயிருக்கிறது என்றார். நாளை மறுநாள் லீக்கின் விசாரணைக்காரர்கள் வருவார்கள், ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிப்பார்கள். கடைசியாகத் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "விசாரணை முடியும்வரை கோஃபி பயிற்சிக்கு வரத் தேவையில்லை."

கோஃபியை உங்களுக்குச் சொல்ல வேண்டும். கிழக்கு இலண்டனில் பிறந்து வளர்ந்த கானா நாட்டுக் குடும்பத்துப் பிள்ளை, முப்பத்திரண்டு வயது, இரண்டு குழந்தைகள். சில வருடங்களுக்கு முன் சூதாட்டப் பழக்கத்தில் விழுந்து, வைத்தியம் எடுத்து, விட்டவர். அதைச் சீசன் தொடக்கத்தில் எங்கள் எல்லோருக்கும் தானாகவே சொன்னார். நான் பிழையான இடத்தில் நிற்பதைக் கண்டால் பிடித்துத் தோளைத் திருப்பி விடுவார். அன்றைக்கு அவர் சப்பாத்துக் கயிற்றை மெதுவாக அவிழ்த்தார், திரும்பக் கட்டினார், எழும்பிப் போனார்.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது: பாவம், மனுசன் திரும்பவும் விழுந்துவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன்.

பின்னேரம் ஸ்டேஷனில் இறங்கி, மஞ்சு அக்கா சொன்ன கறிவேப்பிலை எடுக்கக் கடைக்குள் போனேன். கல்லாவடியில் நாலைந்து பேர் நின்றார்கள். ரவி என்று ஒரு டிலிவரிக்காரர், எப்போதும் பகிடிதான், என்னைக் கண்டதும் கையைக் கூப்பினார்.

"வாங்கோ, வாங்கோ! எங்கட மகாலட்சுமி வாறார். கால்மேசு போட்ட மகாலட்சுமி!"

பயிற்சிக் காலுறையோடு நின்ற என்னைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு விளங்கவில்லை.

"தம்பி, நீங்கள் தோத்தால் நாங்கள் வெல்லுறம். வாற கிழமையும் ஆருக்கும் காலில கையில நோவெண்டால் வேளைக்கே சொல்லிப்போடுங்கோ. என்ர வானுக்கு ரண்டு டயர் மாத்த வேணும்."

பரமண்ணை முருங்கைக்காய் நிறுத்துக்கொண்டு நின்றார். அவரும் சிரித்துக்கொண்டுதான் நின்றார். என் முகத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

"அண்ணை, உள்ளுக்க வாங்கோ," என்றேன்.

கடைக்குப் பின்னால் அரிசி மூட்டை அடுக்கும் அறை. கதவைச் சாத்தினேன்.

"நீங்களோ கட்டினனீங்கள்?"

"ஓம், கட்டினனான். சும்மா போனிலதானே. எல்லாரும் கட்டுறவங்கள்தான்."

"நான் சொன்னதை வைச்சோ?"

"பின்ன? நான் என்ன உன்ர வாய்க்குள்ள கையை விட்டே எடுத்தனான்? கேட்டன், சொன்னனி."

"இவையளுக்கும் நீங்களோ சொன்னது?"

"ரவிக்குச் சொன்னன். அவன் வாயைப் பற்றித் தெரியுந்தானே."

கழகத்தில் நடந்ததைச் சொன்னேன். கோஃபியை நிறுத்திவிட்டார்கள் என்றேன். அந்த மனிதர் செய்யவில்லை என்பதற்கு நானே சாட்சி என்றேன்.

"ஆர் அவன்? எங்கட ஆளோ?"

"ரண்டு பிள்ளையள் அண்ணை அவருக்கு."

"இரு, இரு. வடிவாக் கேள். அவன் செய்யேல்லைத்தானே? செய்யாதவனுக்கு எதிரா என்னத்தைக் கண்டுபிடிக்கப் போறாங்கள்? ரண்டு கிழமை தேடிப்போட்டு விடுவாங்கள். நீ வாயைத் திறந்தால் உன்ர வேலை போகும். திறக்காட்டி ஒருத்தருக்கும் ஒண்டும் போகாது."

தம்பிமாரே, தங்கச்சி, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். மிரட்டிக் கேட்டால் மறுத்துவிடலாம். எங்களில் அன்புள்ளவர்கள் நியாயமாகக் கதைக்கும்போது மறுப்பதுதான் பெரும்பாடு. அவர் சொன்னதில் எனக்குப் பிழை தெரியவில்லை. சரிதானே, செய்யாதவனை விட்டுவிடுவார்கள்தானே என்று அந்த அரிசி மூட்டைகளுக்கு நடுவில் நின்று நானும் யோசித்தேன். பிறகு காலையில் எனக்குத் தோன்றியது நினைவுக்கு வந்தது. அவரோடு எட்டு மாதம் ஆடிய நானே ஒரு நொடியில் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். தெரியாதவர்கள் ஏன் விடப்போகிறார்கள்?

"வெள்ளிக்கிழமை நான் சொல்லப்போறன் அண்ணை. உங்கட பேரும் வரும். வேற ஆரும் வந்து சொல்ல முதல் நானே சொல்லவேணும் எண்டுதான்..."

"பனிக்குள்ள உன்னைத் தோளில காவிக்கொண்டு வந்தவன் நான்." குரல் உயர்ந்துவிட்டது. "மறந்திட்டியே?"

கதவு திறந்தது. மஞ்சு அக்கா கையில் விலைச்சீட்டு ஒட்டும் கருவியோடு நின்றா. எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டு நின்றாவோ தெரியாது.

"இஞ்சருங்கோ," என்றா மெதுவாக. "எட்டு வயசுப் பிள்ளையைக் காவினதுக்கு இப்பவோ கூலி கேக்கிறியள்?"

பரமண்ணை என்னைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார். வியாழக்கிழமை முழுவதும் என்னோடு கதைக்கவில்லை. நான் சாப்பிட இருந்தபோது அவர் எழும்பிவிட்டார்.

வெள்ளிக்கிழமை விசாரணை, கழகத்தில் வெற்றிக் கிண்ணங்கள் வைத்த சின்ன அறையில் நடந்தது. நரைத்த முடியோடு ஒரு பெண்மணி, பக்கத்தில் கணினியில் தட்டிக்கொண்டிருந்த ஒரு ஆண். எனக்கு முன் நாலு பேர் போய்வந்தார்கள். சொல்ல வேண்டியதை நான் ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்திருந்தேன். இருந்து வாயைத் திறக்க முன் அந்தப் பெண்மணி கையை உயர்த்தினா.

"முதலில் நான் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நேற்றுப் பிற்பகல் உங்கள் வீட்டுக்காரர், தகவல் சொல்வதற்கென்று நாங்கள் வைத்திருக்கும் எண்ணுக்குத் தொலைபேசி எடுத்தார்."

மனப்பாடம் செய்தது முழுக்க மறந்துபோயிற்று.

"நீங்கள் உங்கள் அறையில் யாரோடோ தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தீர்களாம். அவர் படியேறி வரும்போது கேட்டுவிட்டாராம். உங்களுக்கு அது தெரியவே தெரியாதாம். பிழை முழுக்கத் தன்னுடையது என்று மூன்று தரம் சொன்னார். அப்படித்தானா?"

அறைக்குள் கணினி தட்டும் சத்தம் நின்றது. இருவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் தலையை ஆட்டினால் போதும். பரமண்ணை லீக்கின் ஆள் இல்லை, அவரை அவர்கள் ஒன்றும் செய்ய முடியாது. கோஃபியும் தப்பிவிடுவார். எனக்கு இன்னும் இரண்டு வருடம் கிடைக்கும். ஒருவருக்கும் ஒன்றும் போகாது என்று பரமண்ணை சொன்னதை அவரே செய்து காட்டியிருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கழுத்து அசையத் தொடங்கியதும் உண்மை.

"சரி," என்றா அந்தப் பெண்மணி, நான் ஆம் என்றுவிட்டதாகவே நினைத்து. "தொலைபேசியில் யாரோடு கதைத்தீர்கள்?"

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. பரமண்ணையும் எதிர்பார்த்திருக்கமாட்டார். அம்மாவோடு என்றால், வெளியாளுக்குச் சொன்ன அதே குற்றம். அணிக்குள் இருக்கும் ஒருவராக இருந்தால் மட்டும் குற்றமில்லை. அப்படியென்றால் எனக்கு ஒரு பெயர் வேண்டும். நான் பெயர் சொன்ன ஆளை அடுத்ததாக அதே கதிரையில் இருத்திக் கேட்பார்கள். அவர் இல்லை என்பார். பிறகு எங்களில் ஒருவர் பொய்யர்.

நான் பேசாமல் இருந்தது அவவுக்கு வேறு மாதிரி விளங்கியது. முன்னால் சாய்ந்தா. "கோஃபியோடா?"

அவ்வளவு இலகுவாக அந்தப் பெயர் வந்து விழுந்தது. நான் தேட வேண்டியதே இல்லை. என் சொல்லுக்கு எதிராகக் கோஃபியின் சொல் என்று வந்தால் யாரை நம்புவார்கள் என்று அந்த அறையில் இருந்த மூவருக்கும் தெரியும்.

"ஒருவரோடும் இல்லை," என்றேன். "தொலைபேசியே இல்லை. சாப்பிடும்போது அவர் கேட்டார். நான் சொன்னேன். வியாழக்கிழமை. மார்கஸ் விளையாடமாட்டான் என்று சொன்னேன்."

கணினிக்காரர் தட்டவில்லை. அந்தப் பெண்மணி பேனாவைக் கீழே வைத்தா.

"உங்களைத் தப்பவைக்கத்தான் அவர் கதைத்திருக்கிறார் என்று உங்களுக்கு விளங்குகிறதா?"

"ஓம்," என்றேன். தமிழில்தான் வந்தது. அவர்களுக்கு விளங்கியிருக்க வேண்டும், கணினிக்காரர் தட்டத் தொடங்கினார்.

சீசன் முடியும்வரை தடை. இலண்டன் கழகம் ஒப்பந்தத்தை நீடிக்கவில்லை. ஒரு வருடம் ஒருவரும் தொலைபேசிகூட எடுக்கவில்லை. பிறகு பின்லாந்தில் ஒரு சின்ன ஊர்க் கழகம் எடுத்தது. அங்கே இரண்டு வருடம் ஆடி, முழங்காலும் போய், நிறுத்தினேன். இப்போது திரும்ப இலண்டனில், எட்மண்டன் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பகுதியில் வேலை. உண்மை சொன்னதற்குப் பிறகு எல்லாம் நல்லபடி வந்தது என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போனபோது பரமண்ணை வாசலிலேயே நின்றார். கடையை விட்டு அந்த நேரத்தில் வரமாட்டார்.

"என்ன சொன்னனி?"

"உண்மையைச் சொன்னன் அண்ணை."

"விசரன்." சுவரில் சாய்ந்துவிட்டார். "அப்ப நான் பொய்யன் எண்டு எழுதிப்போட்டினமோ?"

"ஓம்."

"இருபது நிமிசம் இங்கிலிசில கதைச்சனானடா. என்ர சீவியத்தில முதல் தரம். வேர்த்து ஊத்திப்போட்டுது."

"மூண்டு தரம் உங்கட பிழையெண்டு சொன்னனீங்களாம். அந்தப் பொம்பிளை சொன்னவ."

"நாலு தரம்," என்றார் பரமண்ணை. "ஒண்டை விட்டுப்போட்டா."

அவர் பிறகு பந்தயம் கட்டவில்லை என்று மஞ்சு அக்கா சொல்லுவா. எனக்குத் தெரியாது, நான் கேட்டதும் இல்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கறுப்புக் கண்ணாடிக்காரனுக்குப் பயப்படாதீர்கள், அவன் அநேகமாக வரமாட்டான். மாமா கேட்பார். கோயிலில் தேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அப்பாவின் கூட்டாளி கேட்பார், பெருமையில் கேட்பார். இன்றைக்கே, ஒப்பந்த மை காய முன், வீட்டில் எல்லோரையும் இருத்திச் சொல்லிவிடுங்கள்: "என்னை அணியைப் பற்றிக் கேட்க வேண்டாம், கேட்டால் நான் மறுமொழி சொல்லமாட்டன், கோவிக்காதேங்கோ." கோவிப்பார்கள். கோவிக்கட்டும். நான் அதை முதல் நாளே சொல்லியிருந்தால் பரமண்ணைக்கு ஒரு கிழமை மனத்தாங்கல் இருந்திருக்கும், அவ்வளவுதான். பிழை நடந்துவிட்டதா, உங்களை யாரும் தேடிவர முன் நீங்களே போய்ச் சொல்லுங்கள். நான் புதன்கிழமை பின்னேரமே கழகத்துக்குத் தொலைபேசி எடுத்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை வரை காத்திருந்தேன். அந்த இரண்டு நாளைப் பற்றி நான் பிறகுதான் அறிந்தேன்.

திங்கட்கிழமை என் சாமான்களை எடுக்கக் கழகத்துக்குப் போனேன். ஒருவரும் கதைக்கவில்லை. மார்கஸ் மட்டும் தோளில் தட்டிவிட்டு நொண்டிக்கொண்டு போனான். பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது கோஃபி காரில் இருந்தார். பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். பையைப் பின்னால் போட்டுவிட்டு ஏறினேன். பரமண்ணை வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்தினார். எஞ்சினை நிறுத்தவில்லை.

"உன்னை அடிக்க வேண்டும் என்று இரண்டு நாள் நினைத்தேன்," என்றார். "கழகக்காரர்கள் என் போனை மூன்று தரம் கேட்டார்கள். மூன்றாம் தரம் கொடுக்கும்போது, நானே செய்துவிட்டு மறந்துவிட்டேனோ என்று யோசித்தேன்."

இதையும் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "நானும் முதலில் நீங்கள்தான் என்று நினைத்தேன்," என்றேன்.

"தெரியும். எல்லோரும்தான் நினைத்தார்கள்." ஸ்டியரிங்கில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "என் மனைவியும் நினைத்தாள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். வெள்ளிக்கிழமை இரவுதான் திரும்பி வந்தாள்."

இறங்கிப்போய், பின்கதவைத் திறந்து, என் பையைத் தானே எடுத்து வாசலில் வைத்தார்.